இருதயராஜ் அண்ணன் நின்ற இடம்

முதலில் ஒரு மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருதயராஜ் அண்ணனுக்குக் கண் தெரியும் என்று எட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டில் இந்தியாவுக்காகப் பதிமூன்று வருஷம் மட்டை பிடித்தவர் அவர். அதுவும் துளியும் பார்வை இல்லாதவர்கள் பிரிவில். அப்படிப்பட்ட ஆள் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார் என்று, அதே பிரிவில், அதே ராயபுரம் மைதானத்தில், அவருக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு நம்பியவன் நான். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனது. இந்தத் தொடரைப் பல வாரமாகப் படிப்பவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் அதற்காக வருத்தப்பட வேண்டாம். வருத்தப்பட வேறு விஷயங்கள் பின்னால் வருகின்றன.

நான் நம்பியதற்குக் காரணம் ஒரு சத்தம். அண்ணன் மட்டையில் பந்து பட்டால் ‘டொக்’ என்று கேட்கும். எப்போதும் அதே ‘டொக்’. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னும் பின்னும், அதே இடத்தில் பட்ட அதே சத்தம். என் மட்டையில் ஒரு தடவை தகரம்போல் கேட்கும், ஒரு தடவை தேங்காய்போல் கேட்கும், பல தடவை ஒன்றுமே கேட்காது.

எங்கள் பிரிவில் எல்லோரும் கறுப்புக் கண்மூடி கட்டிக்கொண்டுதான் ஆடுவோம். யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ‘மூக்கோரம் ஒரு இடுக்கு இருக்கும், அது வழியா பார்க்கிறார்’ என்று முடிவு கட்டினேன். எனக்குக் கண் இருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஒரு ஞாயிறு சோதனையும் வைத்தேன். அண்ணன் ஆடப் போகிற வழியில், என் டிபன் கேரியரைக் குறுக்கே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் நின்றேன். அண்ணன் விறுவிறுவென்று வந்தார். கேரியருக்கு இரண்டடி முன்னால் காலடிச் சத்தம் நின்றது. பிறகு பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விட்டது.

பக்கத்தில் பாஷா இருந்தான். புளியந்தோப்புக்காரன், எங்கள் அணியில் பாதிப் பார்வை உள்ளவன்.

“பாத்தியாடா?” என்று அவன் காதில் ஊதினேன்.

“இன்னாத்த ணே பாக்கறது? அது டிபன் பாக்ஸா, கருங்கல்லான்னு எனக்கே தெரில. அவரு ஒதுங்கிப் பூட்டாரு!”

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. தீர்ப்பும் நானே எழுதிக்கொண்டேன்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவில்

எங்கள் ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பந்து கெட்டி பிளாஸ்டிக். உள்ளே குட்டி இரும்புக் குண்டுகள். தரையோடு தரையாக உருட்டிவிடுவார்கள், கலகலவென்று வரும். பந்து போடுகிறவன் “ரெடியா?” என்று கேட்க வேண்டும். நாம் “ரெடி” என்று சொன்ன பிறகு, “ப்ளே” என்று கத்திக்கொண்டே விடுவான். ஸ்டம்பு இரும்புக் குழாய். பந்து பட்டால் மணி அடித்தமாதிரி இருக்கும், அவுட்டா இல்லையா என்று யாரும் வாதாட முடியாது. முழுக்கப் பார்வை இல்லாதவன் ஒரு ரன் அடித்தால் ஏட்டில் இரண்டு. நமக்குப் பதிலாக ரன் ஓட ஒரு பாதிப் பார்வைக்காரனை வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு ஓடியவன் பாஷா, ராயபுரத்திலும் இந்திய அணியிலும்.

ராயபுரத்தில் இந்த ஆட்டத்தை ஆடுவது, கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தின் டிக்டிக்கைக் கேட்பதுபோல. மைதானத்துக்கு ஒரு பக்கம் தண்டவாளம். மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு மாதா கோயில் மணி. அப்புறம் கப்பல் ஊதும். இதற்கு நடுவில் சுண்டைக்காய் அளவு இரும்புக் குண்டுகளின் கலகலவைக் காதில் வாங்க வேண்டும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள் ஒரு பந்து. “இரு, இரு, டிரெய்லரு போவுது” என்று கை தூக்கினால் பந்து நிற்கும். ஒரு ஓவர் முடிய இருபது நிமிஷம் ஆனதும் உண்டு.

இருதயராஜ் அண்ணன் ஒரு தடவைகூட கை தூக்கியதில்லை. நாற்பதடி லாரி காதுக்குப் பக்கத்தில் கியர் மாற்றும்போதும் “ரெடி” என்பார். அடுத்து ‘டொக்’.

எப்படி என்று பலமுறை கேட்டிருக்கிறேன். “இன்னா எப்டி? பாலு வந்துச்சி, அட்ச்சேன்” என்பார். பதிமூன்று வருஷமும் இதே பதில்தான். கண் தெரிந்தவன் இதைவிட வேறு என்ன சொல்வான் என்று என் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

லைனில் காத்திருக்கவும்

அண்ணனுக்கு நாற்பத்தொன்பது வயது ஆனபோது முழங்கால் போனது. எங்கள் ஆட்டத்தில் முக்கால்வாசி அடி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மட்டையைத் துடைப்பம்போல் வீசுகிற அடிதான். வருஷக்கணக்கில் ஊன்றிய முட்டி ஒரு நாள் எழுந்திருக்க மாட்டேன் என்றது. அண்ணன் விலகிக்கொண்டார்.

செய்தி கேட்டு எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்டேன், ஆனால் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். அதில் எனக்கு என்ன சம்பந்தம் என்று இருந்தேன்.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு சாயங்காலம் மணி அடித்தது.

“டில்லிபாபு இருக்காரா?”

“எந்தப் பிரிவு சார்?”

“கிரிக்கெட்.”

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு பிரிவு இல்லை. யாரோ விளையாடுகிறான் என்று, “லைனில் காத்திருக்கவும்” என்று தேன் குரலில் சொல்லிவிட்டு, காத்திருப்போர் சங்கீதத்தைப் போட்டுவிட்டு, டீ குடித்தேன். முழுசாக ஒரு டீ. திரும்பி வந்து எடுத்தால் அந்த மனிதர் இன்னும் இருந்தார்.

“நான் தேர்வுக் குழுவிலிருந்து பேசறேன்” என்றார் பொறுமையாக. “இருதயராஜ் இடம் காலியா இருக்கு. அடுத்த மாசம் ஒரு ஆட்டம், வெளிநாட்டு அணியோட. உங்களைப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். ஒரு ஆட்டம்தான் டில்லிபாபு. சரியா வந்தா தொடரலாம். இல்லன்னா சின்னப் பசங்க ரெண்டு மூணு பேரு ரெடியா இருக்காங்க. உங்களுக்கு வயசு நாப்பத்தி நாலு, இல்லையா?”

“சார், என்னைத்தான் சொல்றீங்களா?”

“ஏன், அங்க ரெண்டு டில்லிபாபு இருக்காங்களா?”

இருந்திருந்தால் அவனுக்கு லைன் போட்டுக் கொடுத்திருப்பேன்.

அன்று இரவு காலடிப்பேட்டை வீட்டில் எனக்கு ஜுரம். நிஜ ஜுரம் இல்லை. அடுத்த மாதத்துக்கான ஒத்திகை. என் மனைவி கஸ்தூரி நெற்றியில் கை வைத்தாள்.

“ஒடம்பு ஜில்லுனு கீது. இன்னா ஜுரம் இது?”

“உள் ஜுரம்.”

“யோவ், இருவது வருசமா அந்த மட்டைய கட்டிக்கினு அழுவற. ஞாயித்துக்கெழம ஒரு நாளு மீன் வாங்கியாந்தது இல்ல. இப்ப கூப்ட்றாங்கோ, போர்வைக்குள்ள பூந்துகினா எப்டி?”

“அவரு எடத்துல நான் போய் நிக்கறது நல்லாவா இருக்கும் கஸ்தூரி?”

“நல்லா இருக்காது” என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். “ஆனா நின்னுட்டு வா.”

உள்ளங்கையில்

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ராயபுரத்துக்கு ஓடினேன். அண்ணனை எப்படியாவது திரும்ப வரவைத்துவிட வேண்டும் என்பது திட்டம். முழங்காலுக்கு எண்ணெய், தெரிந்த எலும்பு டாக்டர், மண்டியிடாமலே அடிக்கிற புது முறை என்று மூன்று யோசனை கையில் வைத்திருந்தேன். மூன்றாவதை ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் கண்டுபிடித்தேன்.

மீனவர் சந்தில் அவர் வீடு. நிலைப்படியில் வலை வாசமும், உள்ளே காப்பி வாசமும். அண்ணன் மனைவி மேரி அண்ணி, “வா டில்லி, குந்து” என்று ஸ்டூலை நகர்த்தினார்.

நான் கால் மணி நேரம் விடாமல் பேசினேன். அண்ணன் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“முட்ச்சிட்டியா?” என்றார் கடைசியில்.

“முட்ச்சிட்டேன் ணே.”

“நான் வர்ல. நீ போ.”

“எனக்குப் பயமா கீது ணே. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பூட்டு வந்துடுவீங்க. எனக்கு அப்டி இல்ல.”

“எனக்கு இன்னாடா ஒண்ணும் இல்ல?”

வாய் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. “உங்களுக்குக் கொஞ்சம் தெரியும் இல்ல ணே” என்று சொல்லிவிட்டேன்.

காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது. அடுப்படியில் கரண்டி நின்றது.

“இன்னா தெரியும்?”

“கண்ணு.”

எட்டு வருஷச் சந்தேகமும் கொட்டியது. மூக்கோர இடுக்கு, ‘டொக்’, டிபன் கேரியர் எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, அடி விழுந்தால் தாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார்.

“டேய், அந்தக் கேரியருல நெத்திலிக் கருவாடு வச்சிருந்த இல்ல? நான் பொறந்த சந்துல வந்து கருவாட்ட மறைக்கப் பாக்கறியா? அர மைல்ல மணக்குது. மிதிச்சா சாப்பாடு பூடுமேன்னு ஒதுங்கிப் போனேன்.”

பிறகு, “கைய நீட்டு” என்றார்.

நீட்டினேன். ஏதோ ‘ப்ளக்’ என்று ஒரு சின்ன ஈரச் சத்தம். உள்ளங்கையில் ஒன்று வந்து விழுந்தது. சிப்பி ஓடுபோல் வழவழப்பு, ஒரு பக்கம் குழிவு, லேசான சூடு. இன்னொரு ‘ப்ளக்’. இரண்டாவதும் வந்தது.

“மூணு வயசுல ரெண்டையும் எட்த்துட்டாங்கோ. உள்ள கட்டியாம். இது சும்மா ஷோவுக்கு வச்சிகினு கீறேன். கல்யாணத்தப்ப பொண்ணு வூட்டுல பயப்புடக் கூடாதுன்னு வாங்கனது. எட்த்துப் பாரு, எவ்ளோ தூரம் தெரியுதுன்னு சொல்லு.”

“ஏங்க!” என்று மேரி அண்ணி அடுப்படியிலிருந்து கத்தினார். “சாப்புட்ற எடத்துல அத்தக் கயட்டாதீங்கன்னு எத்தினி தபா சொல்றது? பேஜாரா கீது!”

இருதயராஜ் அண்ணனின் இரண்டு கண்களும் என் கையில் இருந்தன. எனக்கு ஆறு வயதுவரை வெளிச்சம் இருந்தது. சிவப்பு என்றால் எனக்கு ஒரு நினைவு வரும், பந்து உருண்டு வருவது என்றால் ஒரு படம் வரும். இவருக்கு அதுகூட இல்லை. ஒரு பந்து எப்படி இருக்கும் என்று கையால் மட்டுமே தெரிந்த மனிதர், கண்டெய்னர் லாரிக்கு நடுவில் அதை ஒரே இடத்தில், ஒரே சத்தத்தில், பதிமூன்று வருஷம் அடித்திருக்கிறார்.

பயத்தோடு வந்தவன், அதைவிட இரண்டு மடங்கு பயத்தோடு எழுந்தேன். கண் தெரிந்த ஆளின் இடம் என்றால்கூடப் பரவாயில்லையே. இந்த இடத்தில் நான் எப்படிப் போய் நிற்பேன்?

“மாட்டிக்கோங்க ணே” என்று திருப்பிக் கொடுத்தேன்.

வாசல்வரை வந்தவர், “அங்க சத்தமே இருக்காது, பாத்துக்க” என்றார். அது என்ன பெரிய விஷயம், நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆயிரம் பேர் வாயை மூடினார்கள்

ஆட்டம் வடக்கே ஒரு ஊரில். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள், ஆயிரம் பேர் இருக்கும் என்று பாஷா சொன்னான். இப்போது அவன் எனக்கு ஓடுகிறவன். அண்ணனின் இடத்தோடு அண்ணனின் கால்களும் எனக்கு வந்திருந்தன.

முதலில் நாங்கள் மட்டை பிடித்தோம். நான்காவதாக என் முறை. பாஷா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புல் என் பூட்ஸுக்குக் கீழே மெத்தைபோல் அமுங்கியது. ராயபுரத்தில் எங்களுக்குக் கல்லும் ஆணியும்தான். பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யாரோ வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

“ரெடி?” என்றான் பந்து போடுகிறவன்.

“ரெடி.”

சட்டென்று ஆயிரம் பேரும் வாயை மூடினார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்பது சட்டம். சட்டம் எனக்குத் தெரியும். அதை இதுவரை கேட்டதில்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட யாரும் எனக்காக இப்படி அமைதியானதில்லை.

நாற்பத்து நாலு வருஷத்தில் நான் கேட்ட முதல் அமைதி அது. அதில் எல்லாம் கேட்டது. பந்து போடுகிறவனின் வேர்த்த உள்ளங்கை பந்தில் வழுக்கும் சத்தம். பின்னால் விக்கெட் கீப்பரின் முழங்கால் சொடுக்கு. எங்கோ ஒரு கொடித் துணி படபடப்பது. “ப்ளே!” பந்து கிளம்பியது. கலகல இல்லை அது. ஒவ்வொரு குண்டும் தனித்தனியாக உருண்டது. ஒன்று மேலே ஏறி விழுந்தது, இன்னொன்று அதன்மேல் மோதியது. ஒரு பந்துக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்தேன்.

இவ்வளவு பெரிய சத்தம் என்றால் பந்து மூக்குக்கு நேரே வந்துவிட்டது என்று அர்த்தம். ராயபுரத்துக் கணக்கு அதுதான். மண்டியிட்டு வீசினேன். காற்று. எழுந்து, மட்டையைத் தட்டி, மூச்சும் விட்ட பிறகு பந்து நிதானமாக என்னைத் தாண்டிப் போய் கீப்பர் கையுறையில் அடங்கியது.

பாஷா ஓடிவந்தான். “இன்னா ணே அவசரம்? நீ சுத்தி முடிக்கசொல்ல பாலு பாதி வயில கீது!”

“பக்கத்துல கேட்டுச்சேடா.”

இரண்டாவது பந்தும் அப்படியே. மட்டை முன்னால் போனது, பந்து பின்னால் வந்தது, ஸ்டம்பை ஒரு விரல் அகலத்தில் தவறவிட்டது என்று பாஷா சொன்னான்.

“பாஷா, எனக்கு லாரி வேணும்டா.”

“இன்னாது?”

“சத்தம் இல்லாம கணக்கு தப்புது. இந்தப் பந்து எவ்ளோ தூரத்துல கீதுன்னு லாரி இல்லாம எனக்குத் தெரில.”

“லாரிக்கு நான் எங்க ணே போவேன்? ஸ்டேட்டே வேற!”

அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு லாரியைக் கிளப்பினேன். இரண்டாவது கியர், முழு லோடு, ராயபுரம் பாலம் ஏறுகிற உறுமல். மண்டைக்குள் எனக்கு மட்டும் கேட்கிற அளவு. “ரெடி” என்று சொல்ல மட்டும் ஒரு நொடி நிறுத்தி, மறுபடி கிளப்பினேன்.

பந்து வந்தது. உறுமலுக்கு அந்தப் பக்கம், எனக்குப் பழக்கமான அளவில், சின்னதாக. வரட்டும், வரட்டும். மண்டியிட்டேன். மட்டையில் ஏதோ பட்டது. ‘டொக்’ இல்லை. தகரத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு சத்தம். பாஷா ஓடினான். ஒரு ரன்.

மறுபடி என் பக்கம் பந்து போட வந்தபோது நடுவர் வந்து பாஷாவிடம் இந்தியில் ஏதோ கேட்டார். பாஷா பணிவாகப் பதில் சொன்னான்.

“இன்னாடா கேட்டாரு?”

“அவருக்கு ஒடம்பு சரியில்லியா, தொண்டையில உறுமுதேன்னாரு. பெரிய பக்திமான், மந்திரம் சொல்லிகினு கீறாருன்னு சொல்லிக்கீறேன். நிறுத்திடாத, ஓட்டு.”

ஓட்டினேன். ஏழாவது பந்து மட்டையில் சரியாக விழுந்தது. அது கலகலத்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. யாரோ புல்லில் விழுந்து கை நீட்டும் சத்தம், கை தவறும் சத்தம், கலகல இன்னும் தள்ளிப் போனது, இன்னும், பிறகு நின்றது. அரை நொடி ஒன்றுமில்லை. அப்புறம் ஆயிரம் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

நான்கு ரன். அந்தச் சத்தம் என் மார்பில் வந்து அடித்தது. துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதும்போது எலும்புவரை போகுமே, அப்படி. நான் சொல்லவேண்டிய ஜோக் ஏதோ ஒன்று அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு, அது ஓயும்வரை நின்றேன். பதிமூன்று வருஷம் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ரயிலேறி வந்து, ஞாயிறு காலை எங்களோடு ராயபுரம் மைதானத்தில் ஆணி பொறுக்கியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பத்தாவது பந்தில் இன்னொரு ரன். பதினோராவது பந்தில் என் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. நான் முன்னால் சொன்ன அந்த வாதாட முடியாத மணி.

ஆட்டம் முடிந்து வண்டியில் ஏறும்போது அண்ணனிடமிருந்து போன்.

“எத்தினிடா?”

“ஆறு ணே.”

“டபுளா பன்னெண்டு. அப்பால?”

“பௌல்டு.”

“சரி. சோறு துன்னியா?”

“இன்னும் இல்ல ணே.”

“போய்த் துன்னு” என்று வைத்துவிட்டார்.

அடுத்த தொடருக்கு, தேர்வுக் குழுவினர் இருபத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை எடுத்தார்கள். நன்றாக ஆடுகிறார் என்று பாஷா சொல்கிறான், இப்போது அவருக்கும் அவன்தான் ஓடுகிறான். எனக்கு மறுபடி அழைப்பு வரவில்லை. இந்தியாவுக்காக நான் ஆடியது அந்த ஒரு ஆட்டம். பதினோரு பந்து, ஆறு ரன், ஏட்டில் பன்னிரண்டு.

அன்று நாங்கள் ஜெயித்தது எட்டு ரன்னில்.